முதலில் மனசு, பிறகு சமாச்சாரம்

என் புகுந்த வீட்டு ஆண்களுக்குக் கோபம் வராது, பயம் வராது, அழுகை வராது. அவர்களுக்கு வருவது ஒன்றே ஒன்றுதான். ‘ஒரு மாதிரியா இருக்கு.’ என் மாமனார் தன் அண்ணன் இறந்த அன்று அப்படித்தான் சொன்னார். பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு அவருக்குப் பத்திரிகை வைக்க மறந்துபோனபோதும் அதையேதான் சொன்னார். சொல்லிவிட்டு ஈசிச்சேரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். உடனே பெண்கள் எல்லோரும் சுக்குக் காப்பி போடலாமா, மோர் கலக்கலாமா என்று அடுக்களைக்கு ஓடுவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது, போகப் போக எரிச்சலாகிவிட்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிடுவேன். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட டீச்சர், தொண்டைக்குப் பஞ்சமில்லை.

என் கணவர் அப்பாவை உரித்துவைத்தவர். அரசாங்கத்தில் வாய்க்கால், மதகு பார்க்கிற இன்ஜினியர். எந்த வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். ஆற்றுத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, மழை பாபநாசத்துக்கு மேலேயா, கீழேயா என்று சொல்லிவிடுவார். மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் மட்டும் அதே பதில், ‘ஒரு மாதிரியா இருக்கு’. அந்த மனிதரைப் பற்றித்தான் இப்போது பெருமையாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். கூடவே எதிர்வீட்டுக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றியும் எழுத வேண்டும். அவள் வந்திருக்காவிட்டால் இதில் எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள் அவை. எங்கள் தெருவில் எங்கள் வீட்டில்தான் டெலிபோன் இருந்தது. மற்றவர்கள் எழுதிப் போட்டுவிட்டு எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். அதனால் தெருவில் எந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை எடுத்தாலும் எங்கள் நம்பர்தான் இருக்கும், பக்கத்தில் பி.பி. என்று இரண்டு எழுத்து. போன் அந்த வீட்டில் இல்லை, ஆனால் கூப்பிட்டால் ஆளை அழைத்து வருவார்கள் என்று அதற்கு அர்த்தம். அழைத்து வருகிற வேலை எனக்கும் என் மகளுக்கும். சாம்பாரை அடுப்பில் வைத்துவிட்டு நாலு வீடு தள்ளிப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறேன். முணுமுணுத்துக்கொண்டேதான் போவேன். ஆனாலும் அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

எதிர்வீட்டுப் பெண்ணுக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். இரண்டு பிள்ளைகளைப் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைப்பதற்காகத் தன் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வாடகை வீட்டுக்கு வந்திருந்தாள். முப்பதைத் தாண்டியிருக்காது. புருஷன் சவுதியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். தங்கும் இடம் ஊருக்கு வெளியே, அங்கே போன் கிடையாது. வெள்ளிக்கிழமை லீவு நாளில் கம்பெனி பஸ்ஸில் டவுனுக்கு வந்து, பூத்தில் வரிசையில் நின்று எங்கள் வீட்டுக்குப் போன் போடுவார். வாரத்தில் அந்த ஒரு போன்தான். அவசரத்துக்கென்று ஒரு கம்பெனி நம்பர் இருந்ததே தவிர, இங்கிருந்து அவரைக் கூப்பிட்டுப் பேச வழியில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் விளக்கேற்ற ஆயத்தம் செய்யும் நேரத்தில், அவள் அசர் தொழுதுவிட்டு வருவாள். அவளுக்காக வாசல் கதவைத் திறந்தே வைத்திருப்போம். ஹாலில் போனுக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். மணி அடித்ததும் நாங்கள் நாகரிகமாக அடுக்களைக்குப் போய்விடுவோம். ஆனால் எங்கள் வீட்டு அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருப்பது ஒரு திரைச்சீலை. கேட்கக் கூடாது என்று நினைத்தாலும் கேட்கும். நான் அப்படி நினைத்ததும் இல்லை.

முதல்முறை கேட்டபோது எனக்குக் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது. சலாம் சொன்னாள். ஊர், வெயில், சாப்பாடு எதுவும் இல்லை. எடுத்த எடுப்பில், “இந்த வாரம் எனக்கு உங்க தங்கச்சி மேல கோவம். அதுபோக ஒரு பயம். மகனுக்குக் கண்ணு சரியாத் தெரியலையோன்னு பயம். உங்களுக்கு எப்படி இருக்கு?” என்றாள். அந்தப் பக்கம் அவர் ஏதோ சொன்னார். “அது அலுப்பா, ஏக்கமா? யோசிச்சுச் சொல்லுங்க” என்றாள். அங்கே மீட்டர் ஓடுகிறது, இவள் யோசிக்கச் சொல்கிறாள். கடைசியில்தான் பிள்ளைகளின் மார்க்கும், உம்மாவின் முட்டிவலியும், யார் வீட்டில் நிக்காஹ் என்பதும் வந்தன. அதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

இது என்ன டாக்டரிடம் நோயைச் சொல்கிற மாதிரி இருக்கிறதே என்று நான் கிண்டலாகக் கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் சவுதிக்குப் போன முதல் வருஷம் இவர்களும் எல்லோரையும் போலத்தான் பேசினார்களாம். என்ன குழம்பு, யார் வந்தார்கள் என்று கேட்டு முடிப்பதற்குள் லைன் கட்டாகிவிடும். சொல்ல வந்தது இருவருக்கும் தொண்டையிலேயே நின்றுவிடும். ஒன்றுமில்லாத ஒரு வருத்தம் அடுத்த வெள்ளிக்குள் பெரிய சண்டையாக வளர்ந்துவிடும். அதனால் இருவரும் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருந்தார்கள். “முதல்ல மனசு, பொறவு சமாச்சாரம்” என்றாள். அந்தச் சின்ன வயதில் அவ்வளவு தெளிவு. எனக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது இதை என் கணவரிடம் சொன்னேன். “அது எப்படிப் பட்டுன்னு சொல்ல வருது?” என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். பிறகு கையைக் கழுவிவிட்டு உள் அறைக்குப் போய்விட்டார். அங்கேதான் அவருடைய உலகம் இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் மகளின் படிப்புக்கென்று வாங்கியது. அவள் அதில் படித்தாளோ இல்லையோ, இவர் உட்கார்ந்துவிட்டார். டெலிபோன் லைனை அதில் கொண்டுபோய்ச் செருகியதும் ‘கீ’ என்று ஒரு கத்தல் கத்தும், பிறகு இன்டர்நெட் வரும். அது இருக்கிறவரை வீட்டுப் போன் செத்துப்போய்விடும். வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு என்கேஜ்டு சத்தம்தான் கேட்கும். தொடக்கத்தில் வேலை விஷயமாகத் தேடினார். அப்புறம் சாட் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். முகம் தெரியாத ஆட்கள் ஊர் ஊராக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பார்கள். ஆபீஸிலிருந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் போய் உட்காருவார். ‘பத்து நிமிஷம்’ என்பார். தோசை ஆறி விறைத்துவிடும். சாயங்காலம் ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வருகிற பழக்கம் நின்றுபோனது. இடையில் லைன் கட்டானால் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். பி.பி. போன் வராமல் தெருவில் இரண்டு மூன்று பேர் ஜாடைமாடையாகச் சொல்லிக் காட்டினார்கள்.

பெண்பிள்ளை விவகாரமாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் பின்னால் போய் நின்று பார்த்தேன். எந்த நாட்டிலேயோ இருக்கிற ஒரு கிழவரிடம், அங்கே மழை எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அடுத்து இன்னொருவரிடம் அதே மழை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். சந்தேகப்படுகிற அளவுக்குக்கூட அதில் ஒன்றுமில்லை. மணிக்கணக்காக உலகம் முழுக்கப் பேசுகிறார், ஒரு வார்த்தை தன்னைப் பற்றி இல்லை. ஹாலில் ஒரு பெண் விரல்விட்டு எண்ணக்கூடிய நிமிஷங்களில் மனதைத் திறந்துகாட்டிவிட்டுப் போகிறாள்.

ஒரே ஒரு ஒழுங்கை மட்டும் அவர் காப்பாற்றி வந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லைனைத் தொட மாட்டார். அது அந்தப் பெண்ணின் நேரம்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த விஷயம் வந்தது. அவள் புருஷனுக்குக் கான்ட்ராக்ட் முடிகிற சமயம். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாயா, இல்லை கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போகிறாயா என்று கம்பெனியில் கேட்டிருந்தார்கள். எட்டாவது நாள், சனிக்கிழமை காலையில் பதில் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை போனில் அவர் அவளைக் கேட்டார். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே ஒன்றைக் கத்தியிருப்பேன். அவளோ, “மனசு என்ன சொல்லுதுன்னு பாக்க எனக்கு ஒரு வாரம் குடுங்க. வர்ற வெள்ளிக்குச் சொல்லுதேன். அதுக்கு முன்னால கையெழுத்துப் போட்டுராதீங்க” என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவளை நான் கவனித்தேன். வாசலில் பார்க்கும்போதெல்லாம் தன் நிலவரத்தைச் சொல்வாள். முதலில் பயமாக இருக்கிறது என்றாள். இங்கே வந்தால் அவருக்கு வேலை எங்கே, பிள்ளைகள் படிப்பு என்னாகும் என்று. இரண்டு மூன்று நாள் கழித்து, “பயம்னு நெனச்சேன்க்கா. உக்காந்து பாத்தா அது வெக்கம். அரபு நாட்டுல இருந்து சும்மா வந்துட்டாருன்னு ஊர்ல பேசுவாங்களேன்னு வெக்கம். அந்த வெக்கத்துக்காகப் பிள்ளைங்க வாப்பா இல்லாம வளரணுமா?” என்றாள். வியாழக்கிழமை அவள் முகமே மாறியிருந்தது. வந்துவிடுங்கள் என்று சொல்லப் போவதாக என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். எனக்கு என் சொந்தத் தங்கை வீட்டுச் சந்தோஷம் மாதிரி இருந்தது. அதை என் கணவரிடமும் சொன்னேன். அவரும் சந்தோஷப்பட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அரைநாள் லீவு போட்டுவிட்டு நானும் மகளும் நாங்குநேரியில் ஒரு வளைகாப்புக்குப் போக வேண்டியிருந்தது. காலையிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். இன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு முக்கியமான போன், ஆபீஸிலிருந்து நேரத்தோடு வந்துவிடுங்கள், கதவைத் திறந்து வையுங்கள் என்று. அவர் சொன்னபடியே வந்தார். சொன்னபடியே கதவைத் திறந்தும் வைத்தார்.

நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மஃரிப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. வீட்டில் விளக்கு இல்லை. இருட்டு ஹாலில் போன் பக்கத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள், முக்காடு நழுவாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு. தொழுகைக்குக்கூட எழுந்து போகவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்து, “போன் வரலக்கா” என்றாள்.

லைட்டைப் போட்டுவிட்டு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். உள்ளே அந்தக் கம்ப்யூட்டரின் இரைச்சல். உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. ரிசீவரை வைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயிலிருந்து தானாக ஒரு பொய் வந்தது. “லைன் ரிப்பேர் போல இருக்கும்மா.” அந்தக் காலத்தில் யாரும் நம்பக்கூடிய பொய் அது. ஒரு தூறல் போட்டாலே லைன் போகும், தெருவில் குழி வெட்டினாலும் போகும். அவளும் நம்பிவிட்டாள். தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தாள்.

கதவு திறந்தது. அவர் வெளியே வந்தார். ஆபீஸ் சட்டை அப்படியே இருந்தது. அவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார், முகம் வெளுத்துப்போனது. நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. பேசாமல் இருங்கள் என்று கண்ணாலேயே மிரட்டினேன். தப்பித்துக்கொள்ள வழியைத் திறந்து வைத்திருந்தேன், அவர் ஆமாம் என்று ஒரு தலையாட்டினால் போதும்.

“ரிப்பேர் இல்லம்மா” என்றார். “நான்தான் உள்ள நெட்ல இருந்தேன். அதான் உங்களுக்குப் போன் வரல.”

“எனக்கு ஒரு மாதிரி...” என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார். நின்றார். மதகுக்குப் பக்கத்தில் தண்ணீர் மட்டம் காட்டுகிற அளவுக்கல்லைக் கூர்ந்து பார்த்துக்கொண்டு நிற்பாரே, அப்படி நின்றார். பிறகு சொன்னார். “ஆபீஸ்ல எனக்குக் கீழ வேலை பாத்தவருக்கு மத்தியானம் ப்ரமோஷன் ஆர்டர் வந்துட்டு. எனக்கு வரல. எல்லார் முன்னாலயும் அவருக்கு நான் மாலை போட்டேன். அவமானமா இருந்துச்சும்மா. அதைத் தாங்க முடியாம உள்ள போய் உக்காந்தேன். அதுக்கப்புறம் உங்க ஞாபகமே வரல. தப்பு என் மேலதான்.”

ப்ரமோஷன் விஷயம் எனக்கே அப்போதுதான் தெரியும். அவரோடு குடித்தனம் நடத்திய அத்தனை வருஷத்தில் அவமானம் என்கிற வார்த்தையை அவர் வாயில் அன்றுதான் கேட்டேன். அதைச் சொல்வதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடத்தையும் பாருங்கள். யார் தலையில் இடி விழுந்ததோ அவள் முன்னாலேயே சொன்னார்.

அவள் ஸ்டூலை எடுத்துச் சுவர் ஓரமாக வைத்தாள். “எனக்கு உங்க மேல கோவம் வருது அண்ணாச்சி. ரொம்ப வருது. இப்பப் பேசினா வாய்க்கு வந்ததைப் பேசிருவேன். கோவம் தீந்ததும் நானே வந்து சொல்லுதேன்” என்றாள். படியிறங்கிப் போய்விட்டாள். கத்தவில்லை, சபிக்கவில்லை, பரவாயில்லை என்று பொய்யாகவும் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய கோபத்தை ஒருத்தி சிந்தாமல் கையில் ஏந்திக்கொண்டு போனதை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

அவரைத் திட்டுவதற்கு என்னிடம் ஒரு வண்டி வார்த்தை இருந்தது. என்னவோ அன்று ஒன்றும் வரவில்லை. கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கும் மேலாக இந்த மனிதர் மேல் ஒரு மரியாதை வந்து உட்கார்ந்துவிட்டது. விளக்கை ஏற்றிவிட்டு அவருக்குச் சாப்பாடு போட்டேன்.

மறுநாள் விடிந்ததும் மகளை அனுப்பி, அவசரத்துக்கென்று எதிர்வீட்டில் வைத்திருந்த கம்பெனி நம்பரை வாங்கிவரச் சொன்னார். எங்கள் போனில் வெளிநாட்டுக்குப் பேச முடியாது. ஜங்ஷனில் பூத் திறக்கும் முன்னால் போய் நின்றாராம். திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார். யாரும் எடுக்கவில்லை. கடைசியில் எடுத்த ஆளுக்கு இவர் பேசியது விளங்கவில்லை, அவன் பேசியது இவருக்கு விளங்கவில்லை. வெயில் ஏறி வீட்டுக்கு வந்தவர் எதிர்வீட்டுக்குப் போய், கிடைக்கவில்லை என்பதை அவளுடைய உம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வரை அந்தத் தெருவில் இரண்டு வீட்டுக்கும் சாப்பாடு இறங்கவில்லை. கையெழுத்துப் போட்டாரா, பொறுத்தாரா என்று தெரியாது.

அவள் வழக்கம்போல அசருக்குப் பிறகு வந்தாள். கோபம் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை, என்னிடம் மட்டும் தலையசைத்தாள். என் கணவர் கம்ப்யூட்டரிலிருந்து டெலிபோன் ஒயரை உருவிக் கையில் வைத்துக்கொண்டு ஹால் ஓரமாக நின்றார். அன்று அடுக்களைக்குப் போக எங்கள் இருவருக்கும் கால் வரவில்லை. மணி அடித்தது. நெடுநேரம் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“கையெழுத்துப் போட்டாச்சா” என்றாள். பிறகு, “நான் இங்கனதான் இருந்தேன். போன் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். வாங்கன்னு சொல்லத்தான் உக்காந்திருந்தேன்” என்றாள். அதற்குப் பிறகு, “இப்ப அழுகை வருது. கொஞ்சம் பொறுங்க” என்றாள். அவர் அங்கே பொறுத்தார், இவள் இங்கே அழுதாள். அவ்வளவு விலையுள்ள நிமிஷங்கள் பேச்சே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது.

என் கணவர் பக்கத்தில் போய், “நான் ஒரு வார்த்தை பேசலாமாம்மா?” என்று கேட்டார். அவள் யோசித்துவிட்டு ரிசீவரைக் கொடுத்தாள். இவர் தன் பெயரைச் சொல்லி, லைன் கிடைக்காமல் போனது தன்னால்தான், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை, தயங்கி வராமல் இருந்துவிட்டாள் என்று எண்ணிவிட வேண்டாம் என்று சொன்னார். அந்தப் பக்கம் அந்த மனிதர் கேட்டதை அப்புறம் என்னிடம் சொன்னார். அவர் திட்டவில்லையாம். “அப்ப வீட்டுல யாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்லையே சார்? போன் கிடைக்காம இருக்கவும் புள்ளைங்களுக்கு என்னமோன்னு வாரம் பூரா பயந்துட்டுக் கிடந்தேன்” என்றாராம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றார் என் கணவர்.

இரண்டு வருஷம். வீட்டில் என்ன ஏதென்று தெரியாமல், வேலையை விடப் பயந்து போட்ட கையெழுத்து. அதை அழிக்க முடியாது.

அவர் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடவில்லை, இனிமேல் தொடவே மாட்டேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யவும் இல்லை. செய்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஒருநாள் சாயங்காலம் உள் அறை வாசலில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். உள்ளே போகும் முன்னால் மனசு என்ன என்று தன்னைக் கேட்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. கேட்டேன். “ஒரு மாதிரியா இருக்கு” என்றார். நான் விடவில்லை, “எந்த மாதிரி?” என்றேன். அப்படியே நின்றார். எனக்குத் தோசை கருகியது. “பொறாமை” என்றார் கடைசியில். ப்ரமோஷன் வாங்கியவர் அன்றைக்குப் புது ஸ்கூட்டரில் வந்தாராம். சரி, இப்போது போங்கள் என்றேன். போகாமல் அடுக்களையில் வந்து உட்கார்ந்து, ஸ்கூட்டரின் நிறம் எவ்வளவு கேவலம் என்று சொல்லிக்கொண்டே நாலு தோசை சாப்பிட்டார்.

தினமும் அப்படி நடந்தது என்று சொன்னால் பொய். எத்தனையோ நாள் ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார். பொங்கல் லீவு முழுக்க அதிலேயே கிடந்தார், நானும் தெருமுனை வரை கேட்கும்படி கத்தினேன். ஆனால் திரும்பவும் வந்து வாசலில் நின்றார், அதுதான் விஷயம். சொந்த மனசை அளந்து பார்க்க நாற்பத்தைந்து வயதுக்கு மேல் உட்கார்ந்த ஆம்பிளையை நான் வேறு பார்த்ததில்லை. பயம், எரிச்சல், தனிமை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். தன் அப்பாவின் நினைவாகவே இருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். மாமனார் போய் வருஷம் பல ஆகியிருந்தது. சொல்லிவிட்ட நாட்களில் அந்த நாற்காலி அவரை அவ்வளவாக இழுக்கவில்லை என்பதை அவரேதான் கவனித்துச் சொன்னார். ஆற்றங்கரை நடையும் மெல்லத் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தவறவே இல்லை. ஆபீஸுக்குக் கிளம்பும்போதே அந்த ஒயரை உருவிக் கொண்டுவந்து டெலிபோன் மேல் வைத்துவிடுவார். அதற்கும் விபூதி பூசிவிடலாமே என்று கிண்டல் செய்வேன். சிரிக்க மாட்டார். அவள் வருவாள், பேசுவாள், போவாள். முன்பெல்லாம் பேசி முடித்ததும் எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போவாள். இப்போது குடிப்பதில்லை. நோன்புக் கஞ்சி வந்தது, பெருநாளைக்குப் பலகாரமும் வந்தது, பிள்ளைகளும் வந்து போனார்கள். அவரிடம் மட்டும் அவள் எதுவும் சொல்லவில்லை. கோபம் தீர்ந்ததும் சொல்கிறேன் என்றவள் சொல்லவில்லை என்றால், இன்னும் தீரவில்லை என்று அர்த்தம். அவர் அதைக் கேட்டு நச்சரிக்கவும் இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் அவள் படியிறங்கும் வரை ஹால் ஓரமாக நிற்பார், அவ்வளவுதான். கோபப்படுகிறவளுக்கு அதற்கு வேண்டிய காலத்தைக் கொடுப்பதும் ஒரு மரியாதை என்று நான் அப்போது கற்றுக்கொண்டேன்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை. அவள் பேசி முடித்து ரிசீவரை வைத்தாள். எழுந்திருக்கவில்லை. “அக்கா, காப்பி இருக்கா?” என்றாள். பாலை வைத்துவிட்டுத் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “அண்ணாச்சி, கோவம் தீந்துட்டு” என்றாள். “வருத்தம் இருக்கு. அது அவுக வந்து சேந்தாத்தான் போவும். கோவம் இல்ல.”

“சரிம்மா” என்றார். அவள் காப்பியை ஊதி ஊதிக் குடித்தாள், சர்க்கரை கூடிவிட்டது என்று குறை சொன்னாள், பிள்ளைகளைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். உள் அறைக்குள் இருந்தார். எனக்குத் திக்கென்றது. இவ்வளவுக்குப் பிறகும் அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாரே என்று வேகமாகப் போனேன். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கன்னம் நனைந்திருந்தது. துடைக்கவும் இல்லை.

“எந்த மாதிரி இருக்கு?” என்று கேட்டேன்.

வெகுநேரம் யோசித்தார். “பேர் தெரியல” என்றார். “தெரியாட்டாப் பரவாயில்ல. கொஞ்ச நேரம் இதோடயே இருந்துக்கிடுதேன்.”

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த ஒயர் ஹாலில் போன் மேலேயே கிடந்தது.